சாந்திநிகேதனை நடத்தியவர்கள் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலாபவனில் படித்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக் கொடுக்கிறேன். கல்யாண வீடோ ரயில் பயணமோ, "நீங்க தாகூர் காலேஜ்ல படிச்சவராமே" என்று யாராவது ஆரம்பித்தால் அடுத்து வரும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்கள், சுற்றுலாவுக்குக் கிளம்புகிறவர்கள், பழைய மாணவர்கள் என்று பலர் கேட்டதை, அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். கட்டடங்களைவிட ஆட்களைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். அதனால் இதுவும் ஆட்களைப் பற்றியதாகவே அமைந்துவிட்டது.

சாந்திநிகேதன், விசுவபாரதி, கலாபவன்னு மூணு பேர் சொல்றாங்க. மூணும் ஒண்ணா, வேற வேறயா?

சாந்திநிகேதன் என்பது இடம். மேற்கு வங்கத்தில் போல்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தாகூரின் அப்பா தேவேந்திரநாத் 1863-இல் தியானத்துக்காக வாங்கிய மேட்டு நிலம் அது. அப்போது அங்கே செம்மண்ணும் இரண்டு ஏழிலைப்பாலை மரங்களும்தான் இருந்தன என்பார்கள். 1901 டிசம்பரில் தாகூர் அங்கே ஐந்து பிள்ளைகளோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார்.

விசுவபாரதி அந்த இடத்தில் வளர்ந்த பல்கலைக்கழகம். 1918 டிசம்பரில் அடிக்கல் நாட்டி, 1921 டிசம்பர் 23-இல் முறையாகத் தொடங்கினார்கள். கலாபவன் அதற்குள் இருக்கும் கலைக் கல்லூரி, 1919-இல் வந்தது. தேதியைக் கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும்: பல்கலைக்கழகம் முறையாகத் தொடங்குவதற்கு முன்பே ஓவியப் பட்டறை ஓட ஆரம்பித்துவிட்டது.

எல்லாத்தையும் தாகூர் ஒருத்தரேதான் செஞ்சாரா?

இல்லை. யோசனை அவருடையது, பெயர் அவருடையது, கடனும் பெரும்பாலும் அவருடையது. ஆனால் வருஷத்தில் பாதி நாள் அவர் கப்பலிலும் ரயிலிலும் இருந்தார். அந்த நேரத்தில் வகுப்பு நடத்தியவர்கள், கணக்குப் பார்த்தவர்கள், கிணறு வெட்டியவர்கள் வேறு ஆட்கள்.

என் கணக்கில் அவர்கள் இரண்டு வகை. ஒரு வகை, வந்து ஒரு பருவமோ இரண்டு வருஷமோ இருந்து கற்பித்துவிட்டுப் போனவர்கள். பெரும்பாலும் உலகப் புகழ் பெற்ற பெயர்கள். இன்னொரு வகை, வந்தவர்கள் திரும்பிப் போகவே இல்லை. படிப்பு என்று ஒன்று அங்கே நிலைத்ததற்குக் காரணம் இரண்டாம் வகை என்பது என் கட்சி. கீழே வரும் பதில்களில் அது அடிக்கடி தலைகாட்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலகத்துக்கே பொதுவான பல்கலைக்கழகம்னு யோசனை எப்படி வந்துச்சு?

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916-17-இல் தாகூர் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போய் தேசவெறிக்கு எதிராகப் பேசினார். இந்தியாவை உலகத்தோடு இணைக்கும் இடமாகத் தன் பள்ளியை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பயணத்தில்தான் உருவானது. பல்கலைக்கழகத்தின் குறிக்கோளாக அவர் எடுத்துக்கொண்ட சமஸ்கிருத வரியின் பொருள், உலகம் முழுவதும் ஒரே கூட்டில் வந்து தங்கும் இடம் என்பது.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு செய்தி: 1919 தொடக்கத்தில் தென்னிந்தியா வந்தபோது, இந்தியப் பண்பாட்டுக்கு ஒரு மையம் வேண்டும் என்று அவர் சென்னையில் விரிவாகப் பேசினார். வேத, புராண, பௌத்த, சமண, இஸ்லாமிய, சீக்கிய, பார்சி மரபுகளை ஒரே இடத்தில் கற்க வேண்டும், மேல்நாட்டுக் கல்வி அதற்குப் பிறகு வந்து சேரட்டும் என்பது அந்தப் பேச்சின் சாரம். அதை அடையாறில்தான் அச்சிட்டார்கள். விசுவபாரதியின் திட்ட அறிக்கை என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் அதைத்தான் காட்டுவேன்.

நோபல் பரிசுப் பணத்துலதானே கட்டினாரு?

அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். 1913-இல் கிடைத்த பணத்தை அவர் தன் ஜமீன் பகுதியான பதிசரில் இருந்த விவசாயக் கூட்டுறவு வங்கியில் போட்டார். குடியானவர்களுக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கும், வரும் வட்டி பள்ளிக்கு ஆகும் என்பது கணக்கு. நல்ல கணக்குதான், ஆனால் வங்கி பிற்பாடு நொடித்துப்போனது.

தொடக்க நாட்களில் அவர் மனைவி மிருணாளினி தேவியின் நகைகள் போயின, பூரியில் இருந்த வீடும் போனது. கடைசிக் காலத்தில், எழுபது வயதுக்கு மேல், மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக நாட்டிய நாடகம் போட்டு நிதி திரட்டினார். 1936-இல் அப்படி டெல்லிக்கு வந்தபோது, இந்த வயதில் இந்த அலைச்சலா என்று காந்தி வருந்தி, 60,000 ரூபாய்க்கு ஏற்பாடு செய்து கொடுத்துத் திருப்பி அனுப்பினார். அது அப்போதைய பற்றாக்குறைக்குச் சரியாக இருந்தது.

அப்புறம் ஓர் அமெரிக்கப் பெண்மணி, டொரதி ஸ்ட்ரெய்ட். பக்கத்துச் சுருல் கிராமத்தில் 1922 பிப்ரவரியில் தொடங்கிய ஸ்ரீநிகேதன் என்ற கிராம மறுமலர்ச்சிப் பிரிவு பல வருஷம் அவர் பணத்தில்தான் ஓடியது. அதைத் தொடங்கி நடத்தியவர் லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர், அமெரிக்காவில் வேளாண்மை படித்தவர். 1925-இல் இருவரும் திருமணம் செய்துகொண்டு, இங்கிலாந்தின் டெவன் பகுதியில் டார்ட்டிங்டன் என்ற பழைய மாளிகையை வாங்கி இதே பாணியில் ஒரு கல்வி முயற்சியை நடத்தினார்கள். வெள்ளைக்காரர் இங்கே வந்து கற்றுக்கொண்டு போய் அங்கே செய்து பார்த்தது அபூர்வம். அதனால் இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமை வரும்.

முதல் வெளிநாட்டு மாணவர் யாரு?

ஹோரி ஷிதோகு என்ற ஜப்பானிய இளைஞர். சமஸ்கிருதம் படிக்க 1902-இல் வந்தார். கலை அறிஞர் ஒககுரா இந்தியா வந்த பயணத்தோடு சேர்ந்து வந்தவர். பள்ளி தொடங்கி ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, பெரிய கட்டடம் இல்லை, பட்டம் தரும் உரிமையும் இல்லை. அடுத்த வருஷமே, 1903-இல், இந்தியாவிலேயே இறந்துபோனார். விசுவபாரதி என்ற பெயர் பிறப்பதற்கு ஏறக்குறைய பதினைந்து வருஷம் முன்பே அங்கே ஒரு வெளிநாட்டு மாணவர் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்.

வெளிநாட்டுல இருந்து வந்து பாடம் எடுத்தவங்க யார் யாரு? லிஸ்ட் சொல்லுங்களேன்.

முழுப் பட்டியல் போட்டால் ரயில்வே அட்டவணை மாதிரி ஆகிவிடும். முக்கியமானவர்களை மட்டும் சொல்கிறேன். 1914 வாக்கில் வந்து சேர்ந்த ஆங்கிலேயர்கள் சி.எஃப். ஆண்ட்ரூஸும் வில்லியம் பியர்சனும். ஆண்ட்ரூஸ் பிஜித் தீவில் கரும்புத் தோட்டங்களில் கொத்தடிமைகளாக இருந்த இந்தியர்களுக்காகப் போராடியவர். அந்தத் தோட்டங்களில் நம் மக்களும் நிறைய இருந்தார்கள். பியர்சன் பக்கத்தில் சாந்தால் பழங்குடி மக்களின் ஊர் ஒன்றில் பள்ளி நடத்தினார். அந்த ஊருக்கு இன்றும் அவர் பெயர்தான். முதல் வருகைப் பேராசிரியர் பாரிஸைச் சேர்ந்த சில்வன் லெவி, 1921-இல் வந்தார். சீனமும் திபெத்தியமும் அங்கே பாடமானது அவரால். அவருக்குப் பிறகு பிராகாவிலிருந்து விண்டர்நிட்ஸ். 1925 வாக்கில் வந்த டச்சுக்காரர் அர்னால்ட் பாக்கே தாகூர் பாடல்களை மேல்நாட்டு இசைக்குறியீட்டில் எழுதி வைத்தார்.

கலைப் பக்கம் என்றால் ஸ்டெல்லா க்ராம்ரிஷ். இன்றைய செக் நாட்டில் பிறந்து வியன்னாவில் படித்தவர். அவர் இங்கிலாந்தில் பேசியதைக் கேட்ட தாகூர் சாந்திநிகேதனுக்கு அழைத்தார். ஐரோப்பியக் கலையை, கோதிக் கோயில்கள் முதல் அப்போது புத்தம் புதிதாக இருந்த 'தாதா' (Dada) என்ற கலை இயக்கம் வரை, அவர் பாடமாக நடத்தினார். 1922 டிசம்பரில் ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளி ஓவியங்கள் கொல்கத்தாவுக்குக் கண்காட்சியாக வந்ததிலும் அவர் பங்கு இருக்கிறது. இரண்டு மூன்று வருஷத்தில் கொல்கத்தா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். பிற்பாடு இந்துக் கோயில்களைப் பற்றிய பெரிய ஆய்வாளராக உலகம் அறிந்தது. அவர் கற்பிக்க வந்து கற்றுக்கொண்டு போனவர்.

பிரான்ஸிலிருந்து வந்த ஓவியர் ஆந்த்ரே கார்ப்பலே மரச்செதுக்கு அச்சும் எண்ணெய் வண்ணமும் சொல்லிக் கொடுத்து, கைவினைப் பிரிவு ஒன்றையும் தொடங்கி வைத்தார். ஆஸ்திரியச் சிற்பி லிசா வான் பாட், ஆங்கிலேயச் சிற்பி மார்கரெட் மில்வர்ட் இருவரும் சிறிது காலம் இருந்தார்கள். ராம்கிங்கர் அவர்களிடம் வேலை பழகினார். ராம்கிங்கர் யார் என்பது பின்னால் வருகிறது.

தாகூர் முசோலினிகிட்ட உதவி வாங்கினாராமே, நிஜமா?

நிஜம்தான், பாதிக் கதை. 1925 கடைசியில் இத்தாலியிலிருந்து கார்லோ ஃபோர்மிக்கி என்ற சமஸ்கிருதப் பேராசிரியரும், அப்போது இளைஞராக இருந்த ஜுசெப்பே துச்சியும் வந்தார்கள். கூடவே முசோலினியின் பரிசாக ஒரு பெரிய இத்தாலியப் புத்தகத் தொகுதி. தாகூர் மகிழ்ந்துபோய் நன்றி சொன்னார். 1926-இல் இத்தாலிக்கும் போனார். அங்கே பத்திரிகைகள் அவர் ஃபாசிசத்தைப் பாராட்டியதாக எழுதிக்கொண்டன.

எல்லை தாண்டி ஸ்விட்சர்லாந்து வந்ததும் பிரெஞ்சு எழுத்தாளர் ரொமென் ரோலானும் மற்றவர்களும் உண்மை நிலவரத்தைச் சொல்ல, தாகூர் ஃபாசிசத்தைக் கண்டித்து எழுதிய கடிதம் இங்கிலாந்துப் பத்திரிகையில் வந்தது. இத்தாலிக்குக் கோபம். துச்சியின் சாந்திநிகேதன் வேலை அதோடு முடிந்தது. துச்சி பின்னாளில் திபெத்திய ஆய்வில் பெரிய பெயர். தாகூர் ஏமாந்தது உண்மை, மறைக்க ஒன்றுமில்லை. நிதிக்காக அலைகிற நிறுவனத்துக்கு எந்தக் கை நீட்டினாலும் முதலில் நல்ல கையாகத்தான் தெரியும்.

நந்தலால் போஸ் பேரை எல்லாரும் சொல்றாங்க. அவரு அப்படி என்ன செஞ்சாரு?

வெளியே அவரை மூன்று விஷயத்துக்காக அறிவார்கள்: தண்டி யாத்திரையில் கோலூன்றி நடக்கும் காந்தியின் கறுப்பு வெள்ளை அச்சு, 1938 ஹரிபுரா காங்கிரஸுக்காக வரைந்த படங்கள், அரசியல் சாசனத்தின் மூலப் பிரதிக்கு மாணவர்களோடு சேர்ந்து செய்த சித்திர அலங்காரம். கலாபவனுக்குள் அவர் பெயரே வேறு, 'மாஸ்டர் மொஷாய்', அதாவது வாத்தியார் ஐயா. 1922-இல் பொறுப்பேற்று ஏறக்குறைய முப்பது வருஷம் நடத்தினார். மேலே சொன்ன இரண்டாம் வகையில் முதல் ஆள்.

அவருடைய பாடத்திட்டம் எளிமையானது. ஆங்கிலேயர் நடத்திய கலைப் பள்ளிகளில் பிளாஸ்டர் சிலையை வைத்து மாதக்கணக்கில் நகல் எடுக்க வேண்டும். இவர் மாணவர்களை வயலுக்கும் சந்தைக்கும் அனுப்பினார். எருமை, பனைமரம், பானை வனைகிறவர், மழைக்கு முந்திய வானம் என்று பார்த்ததை வரைந்து வரச் சொன்னார். தன் பாணியில்தான் வரைய வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஊரில் இல்லாத மாணவர்களுக்கு அஞ்சல் அட்டையில் சின்னச் சித்திரம் போட்டு அனுப்புவார். ஒரு பக்கம் நாலு கோட்டில் ஓர் ஆடு, மறுபக்கம் விலாசம். அப்படி ஆயிரக்கணக்கில் வரைந்திருக்கிறார்.

ராம்கிங்கர்னு ஒருத்தர் சிமெண்ட்ல சிலை செஞ்சாராமே?

ராம்கிங்கர் பைஜ். பாங்குராவில் முடிதிருத்தும் குடும்பத்தில் 1906-இல் பிறந்தவர். 1925-இல் ஒரு பத்திரிகை ஆசிரியர் அவர் திறமையைப் பார்த்துக் கூட்டி வந்தார். அவர் படங்களைப் பார்த்த நந்தலால், எல்லாம் தெரிந்துகொண்டுதானே வந்திருக்கிறாய், சரி, இரண்டு மூன்று வருஷம் இருந்து பார் என்று சொன்னதாகக் கதை. அந்த இரண்டு மூன்று வருஷம் முடியவே இல்லை. 1980-இல் இறக்கும் வரை அதே ஊர்தான்.

1938-இல் செய்த 'சாந்தால் குடும்பம்' கலாபவன் வளாகத்தில் திறந்தவெளியில் நிற்கிறது. வெண்கலத்துக்குப் பணம் இல்லை. சிமெண்டில் உள்ளூர்ச் செம்மண் சரளையைக் கலந்து, கம்பிக்கூட்டின் மேல் நேரடியாக அப்பி அப்பிச் செய்தார். ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு இருக்கும். அப்பா தோளில் காவடித்தண்டு, முன்பக்கக் கூடையில் ஒரு பிள்ளை, பக்கத்தில் அம்மா இடுப்பில் கைக்குழந்தை, கூடவே ஒரு நாய். வேலை தேடி ஊர் விட்டு ஊர் போகிற குடும்பம். கிட்டப் போய்ப் பார்த்தால் தசையின் மேல் சரளைக் கற்கள் அம்மைத் தழும்பு மாதிரி தெரியும். மாலை வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு கல்லுக்கும் தனி நிழல். படிக்கிற காலத்தில் அந்த நேரத்துக்குப் போய் நின்றே பல டீயை ஆறவிட்டிருக்கிறேன். ராஜாவுக்கும் தலைவருக்கும்தான் சிலை என்று இருந்த நாட்டில், ஒரு கூலிக் குடும்பத்துக்கு அந்த அளவில் யார் சிலை வைத்தார்கள்?

கண்ணு தெரியாத ஓவியர் ஒருத்தர் பாடம் எடுத்தாராமே? அதெப்படி முடியும்?

பினோத் பிஹாரி முகர்ஜி. பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை, மற்றதில் கிட்டப்பார்வை. கலாபவனின் முதல் மாணவர்களில் ஒருவர், பிறகு ஆசிரியர். 1946-47-இல் இந்தி பவனத்தின் மூன்று சுவர்களில் இடைக்காலப் பக்தர்களின் வாழ்க்கையை ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் வரைந்தார். ராமானுஜர், கபீர், சூர்தாஸ், துளசிதாஸ் எல்லோரும் ஊர்க் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வருவார்கள். சுவரளவுக்கு முன்வரைவு எதுவும் போட்டு வைத்துக்கொள்ளாமல் நேரே தூரிகை பிடித்தார். பூச்சு காய்வதற்குள் முடிக்க வேண்டும், தப்பினால் சுவரைக் கொத்த வேண்டும். அந்தக் கண்ணோடு அப்படி ஒரு துணிச்சல்.

1956-57 வாக்கில் ஒரு கண் அறுவைக்குப் பிறகு பார்வை முழுதாகப் போனது. அப்புறமும் விடவில்லை. வண்ணத்தாளை வெட்டி ஒட்டினார், களிமண்ணில் சின்னச் சின்ன உருவங்கள் செய்தார், 1972-இல் கலாபவன் சுவருக்கு ஓடுகளில் ஒரு பெரிய சித்திரமும் செய்தார். அதே வருஷம் அவருடைய பழைய மாணவர் சத்யஜித் ராய் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார்.

அப்போ சத்யஜித் ராயும் அங்க படிச்சவர்தானா?

படித்தார், முடிக்கவில்லை. 1940-இல் சேர்ந்து 1942-இல் கொல்கத்தாவுக்குத் திரும்பிவிட்டார். இதைச் சொன்னால் சில அப்பாக்கள் பையனைப் பார்த்து முறைக்கிறார்கள். பாதியில் விட்டவர் எல்லாம் ராய் ஆகிவிட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஆம்பளைங்க பேராவே சொல்றீங்களே. பெண்கள் யாருமே இல்லையா?

இருந்தார்கள். பெயர்ப் பலகையில்தான் குறைவு. தாகூரின் மருமகள் பிரதிமா தேவி நாட்டிய நாடகங்களுக்கு வடிவம் கொடுத்ததில் பெரிய பங்கு வகித்தவர். 1927-இல் தாகூர் குழு ஜாவாவுக்குப் போய் வந்த பிறகு, மெழுகுச் சாய முறையான பாத்திக் சாந்திநிகேதனில் பாடமானது. இன்று 'சாந்திநிகேதன் பை', 'சாந்திநிகேதன் புடவை' என்று விற்பதற்கெல்லாம் வேர் அந்தக் கைவினை வகுப்புகளில் இருக்கிறது.

நந்தலாலின் மகள் கௌரி பஞ்ஜா பல வருஷம் அல்பனா கற்பித்தார். அது நம் கோலத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை, அரிசி மாவைக் கரைத்துத் தரையில் போடுவது. விழா நாளில் விடிவதற்குள் போட்டு முடித்து, இருட்டுவதற்குள் மிதிபட்டு அழிந்துவிடும். சுவரில் வரைந்தவர்கள் வரலாற்றில் நின்றார்கள், தரையில் வரைந்தவர்கள் அடிக்குறிப்பில்கூட இல்லை. 1930-களில் கலாபவனில் ஆசிரியரான சித்ரநிபா சௌதுரியும் அதிகம் பேசப்படாதவர். அந்தப் பெயரை வைத்தவர் தாகூர்.

சீன பவன்னு ஒண்ணு இருக்கே, அது சீன அரசாங்கம் கட்டினதா?

சீனாவிலிருந்து நிதி வந்தது, ஆனால் அதைக் கொண்டுவந்தது ஒரு தனி மனிதர், தான் யுன் ஷான். 1927-இல் மலாயாப் பக்கம் பயணம் வந்த தாகூரை இந்தச் சீன அறிஞர் அங்கே சந்தித்தார். அடுத்த வருஷமே சாந்திநிகேதனுக்கு வந்துவிட்டார். பிறகு சீனாவுக்குப் போய் நிதியும் புத்தகங்களும் திரட்டினார். 1937 ஏப்ரல் 14-இல் சீன பவன் திறந்தது. அன்று வங்காளிகளுக்குப் புத்தாண்டு, நமக்கும் சித்திரைத் திருநாளை ஒட்டிய நாள்.

ஓவியர் சூ பெய்ஹோங் 1939-40-இல் வந்து தங்கியதற்கும் அந்த உறவுதான் காரணம். தான் யுன் ஷான் ஓய்வுக்குப் பிறகும் இந்தியாவிலேயே இருந்து 1983-இல் புத்தகயாவில் இறந்தார். நடுவில் 1962 போரும் வந்து போனது. தங்கியவர்கள் பட்டியலில் இவரை நான் நந்தலாலுக்குப் பக்கத்திலேயே வைப்பேன்.

ஆசிரியர் எல்லாம் சரி. வெளிநாட்டு மாணவர்கள் யாராச்சும் பெரிய ஆளா வந்தாங்களா?

ஐரோப்பாவிலிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள், ஆசியாவிலிருந்து மாணவர்கள் வந்தார்கள் என்று மேலோட்டமாகச் சொல்லலாம். இலங்கையின் ஆனந்த சமரக்கோன் 1936-இல் ஆறு மாதம் இருந்தார். இலங்கையின் தேசிய கீதம் அவர் இயற்றியது. முதலில் 'நமோ நமோ மாதா' என்று தொடங்கிய அதன் முதல் வரியை 1961-இல் 'ஸ்ரீலங்கா மாதா' என்று மாற்றினார்கள். பர்மாவின் பாஜி ஆங் சோ 1951-இல் உதவித்தொகையில் வந்தார், அந்த நாட்டின் நவீன ஓவியத்தைத் தொடங்கி வைத்தவர் என்று இன்று கொண்டாடுகிறார்கள். தாய்லாந்தின் ஃபுவா ஹரிபிதக் நந்தலாலிடம் படிக்க வந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். அவர் நாடு எதிரணியில் இருந்ததால் இங்கேயே தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார்.

இந்தோனேசியாவின் அஃபாண்டி கதை கொஞ்சம் வேறு. 1949 வாக்கில் படிக்க வந்தார். படங்களைப் பார்த்தவர்கள், உனக்கு வகுப்பு எதற்கு என்று கேட்டுவிட்டார்களாம். உதவித்தொகையை வைத்து இந்தியா முழுக்கச் சுற்றி வரைந்தார். ராம்கிங்கருக்கு நந்தலால் சொன்னதாக மேலே பார்த்தோமே, அதே பேச்சுதான். ஆனால் ஒருவர் தங்கினார், ஒருவர் கிளம்பினார்.

நம்ம ஆளுங்க யாராச்சும் உண்டா?

கே.ஜி. சுப்ரமணியன். குடும்பம் தமிழ்க் குடும்பம், 1924-இல் கேரளத்தில் கூத்துப்பறம்பில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சிறைக்குப் போனார். அதனால் அரசுக் கல்லூரிக் கதவுகள் மூடிக்கொண்டன. 1944-இல் சாந்திநிகேதன் போய்ச் சேர்ந்தார். மேலே சொன்ன இந்தி பவனச் சுவரில் பினோத் பிஹாரிக்குக் கைவேலை பார்த்த மாணவர்களில் அவரும் ஒருவர். பிறகு பரோடாவில் நீண்ட காலம் கற்பித்துவிட்டு 1980-இல் பேராசிரியராகத் திரும்பினார். வடிவமைப்புத் துறைக் கட்டடத்தைச் சுற்றி அவர் வரைந்த கறுப்பு வெள்ளைச் சித்திரத்தை, வயது எண்பதைத் தாண்டிய பிறகு 2009-இல் சாரத்தில் ஏறி மறுபடி புதிதாக வரைந்தார்.

இசையில் ஒன்று. தென்னிந்தியாவிலிருந்து போன சாவித்ரி என்ற மாணவி முத்துசுவாமி தீட்சிதரின் 'மீனாக்ஷி மே முதம்' கீர்த்தனையைப் பாட, தாகூர் அந்த மெட்டில் வங்காளத்தில் ஒரு வசந்தப் பாட்டு எழுதினார். மதுரை மீனாட்சி அங்கே வசந்த காலமாகிவிட்டாள்.

மெரினா உழைப்பாளர் சிலை செஞ்சவரும் சாந்திநிகேதன்காரர்தானே?

தேவி பிரசாத் ராய் சௌதுரி வங்காளிதான், அதனால் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். நந்தலாலைப் போலவே அவரும் அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் கற்றவர். ஆனால் அவருடைய வாழ்நாள் வேலை நம் எழும்பூர் கலைக் கல்லூரியில், 1950-கள் வரை அதன் தலைவர். உழைப்பாளர் சிலை 1959-இல் வைத்தது. உழைக்கிறவர்களைச் சிலையாக்கியது ராம்கிங்கரோடு அவருக்குப் பொருத்தம். வேலைப்பாடு நேர் எதிர். இவருடையது வெண்கலம், வழவழப்பு, முறுக்கேறிய தசை.

அங்க வாத்தியாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்களாமே?

பேரோடு 'தா' சேர்த்து. தா என்றால் அண்ணன், தீ என்றால் அக்கா. ராம்கிங்கர் எல்லோருக்கும் கிங்கர்தா, சுப்ரமணியன் மணிதா. ஊரிலிருந்து போன எனக்கு முதல் ஒரு மாதம் வாய் வரவில்லை, 'சார்' என்றுதான் வந்தது. யாரும் திட்டவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. அப்புறம் பழகிவிட்டது.

இப்ப அரசாங்கம் நடத்துதே. பழைய மாதிரி இருக்கா?

1951-இல் மத்தியப் பல்கலைக்கழகமானது. முதல் துணைவேந்தர் தாகூரின் மகன் ரதீந்திரநாத். வேந்தர் பதவி வழக்கமாகப் பிரதமரிடம், முதலில் நேரு. அதனால் சம்பளம் மாதாமாதம் வருகிறது, கூடவே படிவமும் விதியும் வந்தன. 2004-இல் நோபல் பதக்கம் அருங்காட்சியகத்திலிருந்து திருடு போனதும் நடந்தது, 2023-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்ததும் நடந்தது. இரண்டையும் சொன்னால்தான் நியாயம்.

பழைய ஆட்களின் வாசனை தெரிய வேண்டுமானால் டிசம்பர் 1, 2 தேதிகளில் நந்தன் மேளாவுக்குப் போங்கள். நந்தலால் பிறந்தநாளுக்கு முந்திய இரண்டு நாள், 1973 முதல் நடக்கிறது. ஆசிரியரும் மாணவரும் தாங்கள் செய்த நாட்காட்டி, பீங்கான் கோப்பை, முகமூடி, அச்சுப் படம் எல்லாம் விரித்து விற்பார்கள். வரும் பணம் கஷ்டப்படும் மாணவர்களின் உதவி நிதிக்கு. என் முதல் வருஷம் நான் செய்த கோப்பைகளில் பாதி சூளையிலேயே விரிந்துவிட்டன, மீதியை ஒரு பாட்டி பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார்.

நேர்ல போனா என்ன பாக்கணும்? எந்தக் கிழமை போகலாம்?

புதன்கிழமை போகாதீர்கள். அங்கே வார விடுமுறை ஞாயிறு அல்ல, புதன். நம் ஊரிலிருந்து போகிறவர்கள் சரியாக அன்றைக்குப் போய் நின்று எனக்குப் போன் போடுவார்கள். கொல்கத்தா ஹௌராவிலிருந்து போல்பூருக்கு ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள், அங்கிருந்து டோட்டோ என்ற மின் ஆட்டோ. பாடம் நடக்கிற இடங்களுக்குள் எல்லா நேரமும் விடமாட்டார்கள், வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். சேர்க்கை விதிகள் வருஷா வருஷம் மாறுகின்றன, அதற்குப் பல்கலைக்கழக அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும், என்னை நம்ப வேண்டாம்.

எல்லாம் சரி, ஒரே ஒரு ஆளைச் சொல்லணும்னா யாரைச் சொல்வீங்க?

சுரேந்திரநாத் கர். இந்தப் பக்கத்தில் இதுவரை அவர் பெயர் வரவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? எங்கும் அப்படித்தான். நந்தலாலின் உறவினர், ஓவியர், கட்டடக்கலைப் பட்டம் எதுவும் இல்லை. ஆனால் அங்கே நீங்கள் போட்டோ எடுக்கும் பழைய வீடுகளில் பலவற்றை வடிவமைத்தவர் அவர்தான். தாகூரோடு ஜாவா போய்ப் பார்த்ததையும் குஜராத், ராஜஸ்தான் வேலைப்பாட்டையும் வங்காளக் குடிசையையும் குழைத்து ஒரு பாணியை உண்டாக்கினார்.

1935-இல் கட்டிய 'ஷ்யாமலி' என்ற வீட்டைப் பாருங்கள். சுவரும் மண், கூரையும் மண். கூரை வேய்ந்த வீடு தீப்பிடிக்கும், ஏழைக்குத் தீப்பிடிக்காத வீடு வேண்டும் என்று தாகூர் கேட்டதற்கு இவர் கட்டிப் பார்த்த பதில் அது. வெளிச்சுவரில் நந்தலாலும் மாணவர்களும் புடைப்புச் சித்திரம் செய்தார்கள், வாசலோரத்துச் சாந்தால் உருவங்கள் ராம்கிங்கர் கைவேலை. 1940 பிப்ரவரியில் காந்தியும் கஸ்தூரிபாவும் வந்தபோது தங்கியது அந்த வீட்டில். கிளம்பும் நேரத்தில்தான் தாகூர், தனக்குப் பிறகு விசுவபாரதியைப் பார்த்துக்கொள்ளும்படி ஒரு கடிதத்தைக் காந்தி கையில் கொடுத்தார்.